கல் நிலைக்கு ஏன் சிமெண்ட் வைக்க மாட்டோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்,

பழைய கல் நிலை, அதாவது கல்லால செஞ்ச வாசல் சட்டம், அதை மாட்ட எதுக்கு ரெண்டு வாரம், சிமெண்ட் வச்சா ரெண்டு நாள்ல முடியுமேன்னு சிங்கப்பூர் தேக்காவுல எங்க கடைக்கு வர்றவங்க பாதிப் பேரு கேக்குறீங்க, வாட்ஸ்அப்ல தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது, அதான் எல்லாருக்கும் சேத்து இந்த மடல்.

மொதல்ல எங்க தப்பு. சில வருஷம் முன்னாடி ஒரு ஷாப்ஹவுஸ் (கீழ கடை, மேல வீடுன்னு இருக்குற பழைய கட்டடம்) சாப்பாட்டுக் கடைக்கு, ஓனர் காரைக்குடி பக்கத்துலேர்ந்து கொண்டாந்த கருங்கல் நிலையை அவசரத்துல நல்ல கெட்டி சிமெண்ட்ல பதிச்சுட்டோம். லீஸ் முடிஞ்சு கழட்டப் போனா சிமெண்ட் விடவே மாட்டேங்குது, கொத்தக் கொத்த கல்லோட ஓரம்தான் பேந்துச்சு, செதுக்கியிருந்த தாமரையில மூணு இதழ் தரையில கெடந்துச்சு. அவரு ஒண்ணும் சொல்லல, குனிஞ்சு பொறுக்கி சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. திட்டியிருந்தாக்கூட பரவால்ல.

அப்புறம் எங்க பாஸ் மகளைப் பாக்க நியூயார்க் போனாரு, அங்க கிளாய்ஸ்டர்ஸ் மியூசியத்துல ஒரு கல் வாசலைப் பாத்துட்டு வந்து இன்னும் அதையேதான் பேசுறாரு. பிரான்ஸ்ல பர்கண்டிப் பக்கம் ஒரு மடத்துல 1250 வாக்குல செஞ்ச சுண்ணாம்புக்கல் வாசல், அங்கங்க பழைய பெயிண்ட் கூட ஒட்டிட்டிருக்கு. மியூசியம் அதை வாங்குனது 1932ல, கட்டடம் தெறந்தது 1938ல, ஆனா ரெண்டு பக்கமும் நிக்கிற ராஜா சிலைங்க 1940லதான் வந்து சேந்துச்சு! பிரிஞ்சு போன துண்டு என்னிக்கு கெடைக்கும்னு யாரு கண்டா, அதனால திரும்பக் கழட்டுற மாதிரிதான் எதையும் மாட்டணும்ங்கிறது பாஸோட கட்சி.

அதான் இப்போ சுண்ணாம்புக் கலவை. அது காத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைடை இழுத்து மெதுவாத்தான் இறுகும், அவசரப்படுத்த முடியாது, ஆனா நாளைக்குக் கழட்டணும்னா கல்லுக்கு முன்னாடி அதுதான் ஒடையும். உள்ள வைக்கிற கம்பியும் ஸ்டெயின்லெஸ்தான், சாதா இரும்பு துருப்பிடிச்சு ஊதுனா கல்லையே பொளந்துடும், இங்க இருக்குற ஈரத்துக்கு கேக்கவே வேணாம்.

வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுக்காரங்க கவனிங்க: 7 அடி உயரம், 9 அங்குலச் சதுரம்னா ஒரு நிலைக்கால் மட்டுமே 300 கிலோ வரும். தரை தாங்குமான்னு இஞ்சினியர் பாத்துச் சொல்லாம நாங்க லாரியே எடுக்க மாட்டோம்.

ஊர்ல நிலையைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடுத்துடுங்க, எந்தக் கல் எங்கன்னு தெரிய நம்பரை சாக்பீஸ்ல கல்லோட பின்பக்கம் போடச் சொல்லுங்க. போன தடவை ஒருத்தரு கல்லோட முன்பக்கத்துலயே செவப்பு பெயிண்ட்ல எழுதி அனுப்பிட்டாரு, அதைத் தேய்ச்சு எடுக்கவே ஒரு நாள் போச்சு, பில்லும் ஏறுச்சு.