பெண்களைக் கடைசித் தொகுதியில் விடவேண்டாம்

கனம் ஆசிரியர் அவர்களுக்கு,

மேற்குக் கரையில் கடல் அடங்கிக் கிடப்பது டிசெம்பர் தொடக்கம் ஏப்ரல் நடுப்பகுதி வரைதான். தென்மேல் பருவக்காற்று எழும்பிவிட்டால் செப்டெம்பர் வரை கொழும்புக் கடலில் பொதுமக்களை இறக்கி நீச்சல் போட்டி வைக்க முடியாது. ஆகவே நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் ட்ரையத்லன் போட்டியை நடத்துவோர் அடுத்த பருவத்துக்கான நேர அட்டவணையைத் தயாரிக்கும்போதே ஒரு விடயத்தைக் கவனிக்கவேண்டும் என்று, பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துவரும் நாங்கள் இந்தக் கடிதத்தை எழுதுகிறோம். தனியாகவோ, பகுதிகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்ளும் அஞ்சல் அணியாகவோ கலந்துகொள்ளும் சாதாரணப் பெண்களை, ஆட்களைத் தொகுதி தொகுதியாக இடைவெளி விட்டுக் கடலில் இறக்கும்போது எல்லோருக்கும் பின்னால் கடைசித் தொகுதியில் புறப்பட விடும் வழக்கம் சில போட்டிகளில் இருக்கிறது. அது மாறவேண்டும்.

2018 பெப்ரவரியில் அயன்மேன் 70.3 என்ற நெடுந்தூர ட்ரையத்லன் முதன்முறையாகக் காலி முகத்திடலுக்கு வந்த பிறகுதான் இந்த விளையாட்டின் பெயர் கொழும்பில் பரவலாக அடிபடத் தொடங்கியது. 1.9 கிலோமீற்றர் நீச்சல், 90 கிலோமீற்றர் சைக்கிள், 21.1 கிலோமீற்றர் ஓட்டம் என்ற அதன் தூரத்தைக் கேட்டே பல பெண்கள் பின்வாங்கிவிட்டார்கள். ஆனால் உள்ளூர்ப் போட்டிகளில் வழக்கமாக இருக்கும் ஸ்பிரின்ட் தூரம் 750 மீற்றர் நீச்சல், 20 கிலோமீற்றர் சைக்கிள், 5 கிலோமீற்றர் ஓட்டம். வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்துக்கொண்டு, மூன்று மாதப் பயிற்சியோடு ஒரு பெண் தனியாகவே முடிக்கக்கூடிய தூரம் இது. அஞ்சலென்றால் மூவர் சேர்ந்து ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக்கொள்ளலாம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். புதிதாக வரும் ஒருவருக்கு நீச்சலுக்கு 25 நிமிடம், உடுப்பு, சப்பாத்து மாற்ற 4 நிமிடம், மணிக்கு 22 கிலோமீற்றர் வேகத்தில் சைக்கிளுக்கு 55 நிமிடம், மறுபடி மாற்ற 2 நிமிடம், ஓட்டத்துக்கு 40 நிமிடம் என்று வைத்தால் மொத்தம் 2 மணி 6 நிமிடம். காலை 6.15க்கு இறங்கினால் 8.21க்கு முடித்துவிடுவார். இதே பெண்ணை 7.30க்கு இறக்கினால் முடிக்கும்போது 9.36. கொழும்பு வெயிலும் புழுக்கமும் தெரிந்தவர்களுக்கு இந்த இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிக் காட்டத் தேவையில்லை. வேகமாக ஓடுபவர் குளிர்ச்சியில் முடித்துவிட்டுப் போகிறார். அதிக நேரம் வீதியில் நிற்கப்போகிறவர் உச்சி வெயிலை நோக்கி ஓடுகிறார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வியர்த்த உடம்பு, காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் சூடேறிக்கொண்டே போகும். மயங்கி விழுவது அப்படித்தான்.

வீதியைத் திறந்துவிடும் நேரமும் இதோடு சேர்ந்துகொள்கிறது. பொலிஸார் வீதியை மூடித்தருவது குறிப்பிட்ட மணி வரைதான், அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சைக்கிளை முடித்தாகவேண்டிய கடைசி நேரத்தை முதல் தொகுதி புறப்பட்ட நேரத்திலிருந்து எண்ணினால், 40 நிமிடம் பிந்தி இறக்கப்பட்டவருக்கு அந்த 40 நிமிடமும் நட்டம். ஒவ்வொரு தொகுதிக்கும் அது புறப்பட்ட நேரத்திலிருந்தே எண்ணவேண்டும். அதற்கு வீதி நேரம் போதாது என்றால் மெதுவாகச் செல்பவர்களை முதலில் விடுங்கள். கடலில் வேகக்காரர்கள் பின்னால் வந்து மோதுவார்கள் என்ற பயம் நியாயமானது. பெண்களின் தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் இடையில் 10 நிமிட இடைவெளி விட்டால் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

அஞ்சல் அணிகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஒலிம்பிக்கில் 2021இல் டோக்கியோவில் அறிமுகமான கலப்பு அஞ்சலில் நால்வரும் ஆளுக்கு 300 மீற்றர் நீந்தி, 6.8 கிலோமீற்றர் சைக்கிள் ஓடி, 2 கிலோமீற்றர் ஓடினார்கள். உள்ளூர் அஞ்சல் வேறு: ஒருவர் நீந்த, ஒருவர் சைக்கிள் ஓட, ஒருவர் ஓடுவார். கைமாறுவது கோல் அல்ல, கணுக்காலில் கட்டும், நேரத்தைப் பதிவுசெய்யும் நேரப்பட்டி. போட்டியின் பாதித் தகராறும் அந்தப் பட்டியில்தான் நடக்கிறது. நீந்தி வருபவர் மணலில் முழங்கால் குத்தி எழும்பும்போது பட்டியின் வெல்க்ரோவுக்குள் ஈரமணல் ஏறிவிடும். மணல் ஏறிய வெல்க்ரோ பிடிக்காது. சைக்கிள்காரியின் காலில் ஒட்டியதுபோல இருந்து, மூன்றாவது கிலோமீற்றரில் கழன்று விழும். பட்டி போனால் அந்த அணிக்கு நேரமும் இல்லை. மாற்றிடத்தில், அதாவது ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்கு மாறும் இடத்தில், ஒரு சிறு போத்தல் நல்ல தண்ணீரும் ஒரு பழைய பல்துலக்கியும் வைத்திருங்கள். தண்ணீர் ஊற்றி, பல்துலக்கியால் இரண்டு இழுப்பு இழுத்தால் மணல் போய்விடும். அதன்மேல் ஒரு சட்டை ஊசியும் குத்திக்கொள்ளலாம். பட்டியை எப்போதும் இடதுகாலில் கட்டவேண்டும். சைக்கிளின் சங்கிலி வலப்பக்கம் என்பதால் வலதுகாலில் கட்டினால் உரசும். சைக்கிள் முடித்து வருபவர் வண்டியைத் தாங்கியில் மாட்டிய பிறகுதான் பட்டியைக் கழற்றலாம். அவசரத்தில் வண்டியைக் கையில் பிடித்தபடியே கழற்றித் தண்டனை வாங்கிய அணிகள் உண்டு.

ஆளைப் பிரிப்பதிலும் ஒரு தவறு திரும்பத்திரும்ப நடக்கிறது. நீந்தத் தெரிந்தவரையும் ஓடக்கூடியவரையும் தேடிப் பிடித்துவிட்டு, மிச்சமிருப்பவரின் தலையில் சைக்கிளைக் கட்டுகிறார்கள். 750 மீற்றரில் நல்ல நீச்சல்காரிக்கும் மெதுவானவருக்கும் ஏழெட்டு நிமிடம்தான் வித்தியாசம். 5 கிலோமீற்றர் ஓட்டத்தில் 10 நிமிடம். சைக்கிளில் மணிக்கு 20 கிலோமீற்றர் போனால் ஒரு மணித்தியாலம், 26 போனால் 46 நிமிடம். அணியில் மிகவும் உரமானவரைச் சைக்கிளுக்குப் போடுங்கள்.

ஓட்டக்காரியை அதிகாலையிலேயே உள்ளே வரச்சொல்லி, நிழலில்லாத இடத்தில் ஒன்றேகால் மணித்தியாலம் நிற்கவைப்பதும் நடக்கிறது. அஞ்சல் அணிகளுக்கு மாற்றிடத்தின் ஓரத்தில் ஒரு கூடாரமும் தண்ணீரும் கொடுக்கவேண்டும், யார் வந்துகொண்டிருக்கிறார் என்று ஒலிபெருக்கியில் இலக்கத்தைச் சொல்லவேண்டும். பெண்கள் அஞ்சலுக்குத் தனிப்பிரிவும் தேவை. இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும் உள்ள கலப்பு அணியோடு மூன்று பெண்கள் உள்ள அணியை ஒரே பட்டியலில் போட்டு இடம் கொடுப்பது சரியில்லை.

இனி, கலந்துகொள்ள நினைக்கும் பெண்களுக்கு. வெளியில் யாரும் எழுதிவைக்காத சில விடயங்களை முதலில் சொல்கிறோம்.

முதல் நாள் தலைக்கு எண்ணெய் வைக்கவேண்டாம். எண்ணெய்த் தலையில் நீச்சல் தொப்பி நிற்காது, வழுக்கி மேலேறும். எண்ணெய் நீச்சல் கண்ணாடியில் பட்டால் வழிகாட்டும் மிதவையே தெரியாது. நீண்ட கூந்தலை உச்சியில் கொண்டை போட்டால் தொப்பிக்குள் அடங்கினாலும் அடுத்து ஹெல்மட் உட்காராது: பின்பக்கத் தாங்கி கொண்டையில் ஏறி, முன்பக்கம் தூக்கி, நெற்றி முழுவதும் வெளியே தெரியும். அப்படி அணிந்த ஹெல்மட் விழுந்தால் காப்பாற்றாது. இறுக்கமாகப் பின்னி, பிடரியில் தாழ்வாகச் சுருட்டிக் கட்டுங்கள். தொப்பியும் ஹெல்மட்டும் இரண்டும் ஏறும். தாலிக்கொடியைக் கழற்ற விருப்பமில்லாதவர்கள் ஸ்போர்ட்ஸ் பிராவின் உட்பக்கம் சட்டை ஊசியால் குத்திக்கொள்ளலாம். கண்ணாடி வளையல் வேண்டாம். மெட்டியைக் கட்டாயம் கழற்றுங்கள். ஈரக் காலில் சப்பாத்து போட்டு ஓடும்போது மெட்டி பக்கத்து விரலை அறுத்துக் கொப்புளமாக்கும்.

மாதவிடாய் நாளில் போட்டி வந்தால் விலகவேண்டியதில்லை. சாதாரண நாப்கின் கடல்நீரை உறிஞ்சிப் பெருத்துவிடும், நீச்சலுக்கு உதவாது. டாம்பன் அல்லது கப் பயன்படுத்துவதென்றால் இரண்டு மாதம் முன்பே தடாகத்தில் பழகிக்கொள்ளுங்கள். அஞ்சல் அணியில் அன்றைக்கு நீச்சலை இன்னொருவருக்கு மாற்றலாம், அதற்காகவே பகுதி மாற்றும் அனுமதியை முதல் நாள் மாலை வரை வைத்திருக்குமாறு ஏற்பாட்டாளர்களைக் கேட்கிறோம். மாற்றிடத்துக் கழிவறையில் நாப்கினும் மூடியுள்ள குப்பைத்தொட்டியும் இருக்கவேண்டும்.

சுகததாச தடாகம் போன்ற 50 மீற்றர் தடாகத்தில் 15 நீளம் நீந்திவிட்டால் 750 மீற்றர் வந்துவிடும். ஆனால் கடலில் உதைத்துத் திரும்பச் சுவரில்லை, அடியில் கோடும் இல்லை. ஆறேழு கைவீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் நீருக்கு மேல் தூக்கி மிதவையைப் பார்க்கப் பழகவேண்டும். பயம் பிடிப்பது பெரும்பாலும் முதல் 100, 200 மீற்றருக்குள். கூட்டத்தோடு வேகமாகப் புறப்பட்டு, மூச்சை நீருக்குள் விடாமல் அடக்கிவைப்பதுதான் காரணம். உள்ளே காற்று அடைந்திருக்கும்போது மேலும் இழுக்க முடியாது, நெஞ்சு இறுகும். போட்டிக்கு முன் ஐந்து நிமிடம் கடலில் இறங்கி, வாயால் குமிழி விட்டு மூச்சைச் சீர்செய்துகொள்ளுங்கள். கூட்டத்தின் ஓரத்தில் பின்னால் நில்லுங்கள். முடியாவிட்டால் மல்லாந்து மிதந்துகொண்டிருங்கள். பாதுகாப்புப் படகைப் பிடித்து இளைப்பாறலாம், அது விதிமீறல் ஆகாது. பிடித்தபடி முன்னேறக்கூடாது, அவ்வளவுதான். கடலில் தனியாகப் பயிற்சி செய்யவேண்டாம். ஆழத்துக்குப் போகாமல் கரையோடு சமாந்தரமாக நீந்துங்கள், கரையில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும்.

நம் கடல்நீரின் வெப்பம் 27 பாகைக்குக் குறைவது அரிது. குளிர்நீரில் உடம்பைச் சூடாக வைக்கும் நியோப்பிரீன் உடை தேவையில்லை. தொழில்முறை அல்லாதவர்கள் வயதுவாரியாகக் கலந்துகொள்ளும் வயதுப்பிரிவுப் போட்டியில் இந்தத் தூரத்துக்கு 22 பாகைக்கு மேல் அதற்குத் தடையும் உண்டு. முழுக்கை, முழுக்கால் துணி உடையில் நீந்த விரும்பும் பெண்கள் நம்மிடையே நிறையப்பேர். எந்தத் துணிக்கு அனுமதி என்பதை விண்ணப்பப் படிவத்திலேயே அச்சிடுங்கள். காலை ஐந்து மணிக்குக் கடற்கரையில் வைத்துச் சொல்லவேண்டாம்.

சைக்கிளுக்காகக் கடன்படத் தேவையில்லை. வீட்டிலிருக்கும் கியர் சைக்கிள் போதும், பிரேக் பிடிக்கவேண்டும். கைப்பிடிக் குழாயின் இரு முனையும் அடைபட்டிருக்கவேண்டும்: பழைய வண்டிகளில் இந்த மூடி விழுந்திருக்கும், பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு போத்தல் தக்கையைச் செதுக்கி அடித்து, டேப் சுற்றினால் சரி. இருக்கை உயரத்துக்கு, குதிக்காலை மிதியில் வைத்து அடிக்குக் கொண்டுபோனால் முழங்கால் நேராகவேண்டும். இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். இருக்கையின் மூக்கு உறுத்தினால் மிகச் சிறிதளவு கீழே சாயுங்கள்; பஞ்சு வைத்த காற்சட்டைக்குள் உள்ளாடை அணியவேண்டாம், தையல்தான் அறுக்கும். ஞாயிறு விடியற்காலை கடற்கரையோர மெரைன் டிரைவ் வீதியில் பழகும்போது வீதியோர மணலையும், போகும் திசைக்கே நீளவாக்கில் வெட்டியிருக்கும் வடிகால் மூடிகளையும் கவனியுங்கள். மெல்லிய டயர் அதற்குள் இறங்கினால் ஆளைத் தூக்கி எறியும். டியூப் மாற்றத் தெரியாமல் போட்டிக்கு வராதீர்கள். புது டியூப் போடுமுன் டயரின் உட்புறம் முழுவதும் விரலால் தடவி முள்ளை எடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவதும் போய்விடும். ஹெல்மட்டின் பட்டியைப் பூட்டிய பிறகே வண்டியைத் தொடலாம், வண்டியை மாட்டிய பிறகே திறக்கலாம். குழுவாகச் சைக்கிள் ஓடிப் பழகியவர்கள் முன்னால் போகும் வண்டியின் பின்னால் ஒட்டிக்கொள்வார்கள். வயதுப்பிரிவுப் போட்டிகளில் பெரும்பாலும் 10 மீற்றர் இடைவெளி விடவேண்டும்.

தனியாகச் செய்பவர்கள் வாரம் ஒருமுறையாவது சைக்கிளிலிருந்து இறங்கியவுடன் 15 நிமிடம் ஓடவேண்டும். பழக்கமில்லாவிட்டால் முதல் கிலோமீற்றரில் கால் மரக்கட்டையாகிவிடும். முதல் நாள் இரவு இடியப்பமும் உறைப்பில்லாத சொதியும் நல்லது, பருப்பும் சம்பலும் வேண்டாம். காலை நான்கு மணிக்குப் பாணும் வாழைப்பழமும். சைக்கிளில் ஒரு மணித்தியாலத்துக்கு அரை லீற்றருக்குக் குறையாமல் குடியுங்கள். செவ்விளநீரில் பொட்டாசியம் அதிகம், வியர்வையில் போகும் உப்பு குறைவு. ஒரு சிட்டிகை உப்புச் சேருங்கள், அல்லது உப்பும் சீனியும் கலந்த ஜீவனி பொதியை அதில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குத்தான் முதன்முறை குடித்துப் பார்ப்பது கூடாது.

2000ஆம் ஆண்டு சிட்னியில் ட்ரையத்லன் ஒலிம்பிக்கில் சேர்ந்தபோது பெண்கள் போட்டிதான் முதல் நாள் நடந்தது, ஆண்கள் போட்டி மறுநாள். தூரம் இருவருக்கும் ஒன்றே. கொழும்பில் பெண்களை முதலில் விட்டால் யாருக்கும் மரியாதைக் குறைவில்லை. இன்னொன்றும் ஏற்பாட்டாளர்களிடம் கேட்கிறோம்: பெண்கள் அஞ்சல் முடிவுகளை வெளியிடும்போது மொத்த நேரத்தோடு நிறுத்தாமல் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றின் நேரத்தையும் மாற்றிடத்தில் செலவான நேரத்தையும் தனித்தனியே போடுங்கள். அடுத்த பருவத்தில் தனியாக இறங்க நினைப்பவர் எதைப் பழகவேண்டும் என்பதை அந்தத் தாளைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார்.

இப்படிக்கு,
பெண்களுக்கான ட்ரையத்லன் பயிற்றுநர்கள்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.