எத்தனை கிலோ பிடித்தார்கள் என்பதா கணக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போதைப்பொருள் தடுப்பு பற்றி எந்தச் செய்தி வந்தாலும் கூடவே அந்தப் படமும் வந்துவிடுகிறது. மேஜை மேல் அடுக்கிய பொட்டலங்கள், பின்னால் வரிசையாக அதிகாரிகள். கீழே எத்தனை கிலோ, எத்தனை பேர் கைது. போன வருடத்தைவிட அதிகம் பிடித்தோம், அதனால் கொள்கை வேலை செய்கிறது என்று அரசுகள் சொல்வதும் நாமும் அதை அப்படியே படித்துவிட்டுப் போவதும் எனக்குப் பொறுக்கவில்லை. அதிகம் பிடிபட்டது என்றால் அதிகம் வந்திறங்கியது என்றும்தானே அர்த்தம்?

பிடித்தது வியாபாரிக்கு உறைத்திருந்தால் தெருவில் விலை ஏறியிருக்க வேண்டும். அமெரிக்காவில் 1971-ல் அதிபர் நிக்சன் போதையை முதல் எதிரி என்று அறிவித்தார், 1988-ல் சட்டம் போட்டு அதிபருக்குக் கீழேயே இதற்கென்று தனி அலுவலகம் வைத்தார்கள், அப்புறமும் ஹெராயின், கொக்கைன் விலை பல வருடங்கள் இறங்கிக்கொண்டேதான் வந்தது. 2021 முதல் 2023 வரை அங்கே ஒவ்வொரு வருடமும் ஒரு லட்சம் பேருக்கு மேல் அளவு மீறிய போதையில் இறந்தார்கள். அதில் பெரும்பங்கு ஃபென்டனில் என்ற செயற்கை வலிமருந்தால். அது ஹெராயினைவிடச் சுமார் 50 மடங்கு வீரியம், இரண்டு மில்லிகிராமே மூச்சை நிறுத்திவிடலாம். இதைப் போய்த் தராசில் நிறுத்து என்ன தெரிந்துகொள்வது?

நான் ஒரு மீட்பு மையத்தில் செவிலியராக இருந்தேன். 24 வயதுப் பையன், தானாகவே வந்து சேர்த்துக்கொள்ளச் சொன்னான். படுக்கை காலியில்லை, மூன்று வாரம் கழித்து வா என்று அனுப்பினோம். அதற்குள் கையில் சிறு பொட்டலத்தோடு மாட்டி ஆறு மாதம் உள்ளே போனான். வெளியே வந்த நான்காம் நாள் பழைய அளவையே ஏற்றிக்கொண்டான். கொஞ்ச நாள் போதையை விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது, சிறையிலிருந்து வந்த முதல் இரண்டு வாரம்தான் மிக ஆபத்தானது என்று அவனுக்கு யாருமே சொல்லி அனுப்பவில்லை. போதையை முறிக்கும் நலாக்சோன் மருந்தை மூக்கில் அடிக்க ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் பிழைத்திருக்கலாம். கைதுக் கணக்கில் அவனும் ஒரு வெற்றிதான், அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

போர்ச்சுகல் 2001-ல், பத்து நாள் தேவைக்குள் வைத்திருப்பவரைச் சிறைக்கு அனுப்பாமல் ஒரு குழுவின் முன் நிறுத்தும் முறையைக் கொண்டுவந்தது. கூடவே சிகிச்சையையும் விரிவாக்கியது, ஊசியால் பரவும் எச்ஐவி வெகுவாகக் குறைந்தது. அமெரிக்காவின் ஒரேகான் மாநிலமும் தண்டனையைத் தளர்த்தியது, ஆனால் சிகிச்சைக்கான பணம் தாமதமாகத்தான் வந்தது, 2024-ல் மறுபடி குற்றமாக்கிவிட்டார்கள். சட்டத்தை மட்டும் மாற்றினால் போதாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

உங்கள் நிருபர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அந்த மேஜை முன் நிற்கும்போது, இந்த வருடம் எத்தனை பேர் இறந்தார்கள், சிகிச்சை கேட்டு வந்தவர் எத்தனை நாள் காத்திருந்தார் என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அதையும் படத்துக்குக் கீழேயே போடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் செவிலியர் ஒருவர்