மாமரத்தில் கை வைப்பதற்கு முன்

நிஷிகசாய், டோக்கியோ
மார்ச் கடைசி ஞாயிறு

அன்புள்ள செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அக்கா, மாப்பிள்ளை, யாழினி எல்லோரும் நலம். அங்கே நீயும் கயலும் நலமா? போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், ராத்திரி சாப்பிட்ட பிறகு நிதானமாகப் படி.

இங்கே கொஞ்ச நாளாக டிவியைப் போட்டால் பூவைப் பற்றித்தான் செய்தி. யாசுகுனி கோயிலில் ஒரு செர்ரி மரத்தை இவர்களுடைய வானிலைத் துறை அடையாள மரமாக வைத்திருக்கிறது. அதில் ஐந்தாறு பூ விரிந்ததை அதிகாரிகள் நேரில் வந்து எண்ணிப் பார்த்த பிறகுதான் டோக்கியோவில் பூக்காலம் தொடங்கியதாக அறிவிப்பு வரும். அன்று கேமராக்காரர்கள் கூட்டமாக நிற்கிறார்கள். தோட்டக்கலைத் துறையில் இருந்த காலத்தில் நானும் வெயிலில் நின்று எத்தனையோ மரத்தில் பூ எண்ணியிருக்கிறேன். ஒரு கேமராக்காரன் எட்டிப் பார்த்ததில்லை.

நேற்று சனிக்கிழமை எல்லோருமாகக் கிளம்பிப் பழைய தோட்டங்கள் இரண்டைப் பார்த்துவிட்டு வந்தோம். வீட்டுப் பக்கத்திலேயே தோசாய் லைனில் ஏறினால் நேராக ஈதாபாஷியில் இறங்கலாம். அங்கிருந்து நடக்கிற தூரம்தான் கொயிஷிகாவா கோராகுஎன். நுழைவுக் கட்டணம் 300 யென். 65 தாண்டியவர்களுக்குப் பாதி, யாழினி மாதிரி பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடையாது. பாஸ்போர்ட்டை எடுத்து வயதைக் காட்டி 150 யென் மிச்சப்படுத்தியதில் எனக்குப் பெருமை, உன் அக்காவுக்குத்தான் கொஞ்சம் வெட்கம்.

மிட்டோ என்ற ஊரை ஆண்ட தோகுகாவா குடும்பத்து மாளிகைத் தோட்டம் அது. 1629-இல் யோரிஃபுசா என்பவர் தொடங்கினார், மகன் மிட்சுகுனி முடித்தார். சீனாவில் மிங் ஆட்சி கவிழ்ந்த சமயத்தில் இங்கே வந்து சேர்ந்த ஜூ ஷுன்ஷுயி என்ற அறிஞரிடம் மிட்சுகுனி யோசனை கேட்டாராம். அதனால் நடக்க நடக்கக் கொஞ்சம் சீனா, கொஞ்சம் ஜப்பான் என்று மாறி மாறி வருகிறது. சீனாவின் லூஷான் மலையை நினைவுபடுத்த ஒரு குன்று, மேலே முழுக்கக் குட்டை மூங்கில் புல்லை நட்டு ஒரே மட்டமாகக் கத்தரித்து விட்டிருக்கிறார்கள். அரைவட்டமாக வளைந்த கல்பாலம் ஒன்று. தண்ணீரில் விழும் நிழலோடு சேர்த்துப் பார்த்தால் முழு நிலா. காற்று அடித்துக்கொண்டே இருந்ததால் எங்களுக்குக் கலங்கிய நிலாதான் கிடைத்தது.

மரத்தால் கட்டிய பழைய கட்டடங்களில் பெரும்பாலானவை 1923 நிலநடுக்கத்திலும் 1945 குண்டுவீச்சிலும் போய்விட்டன. இப்போது தோட்டத்து மரங்களுக்கு மேலே டோக்கியோ டோம் பேஸ்பால் அரங்கத்தின் வெள்ளைக் கூரை பெரிதாக எழும்பி நிற்கிறது. பக்கத்துக் கேளிக்கைப் பூங்காவில் ரோலர் கோஸ்டரில் போகிறவர்களின் அலறல் வேறு. தூரத்து மலையைத் தோட்டத்தின் பின்னணியாகச் சேர்த்துக்கொள்வது இவர்களுடைய பழைய உத்தி. இங்கே மலைக்குப் பதில் டோம். மாப்பிள்ளை அதை மறைத்துப் படம் எடுக்கப் படாத பாடு பட்டார். இருக்கிறது இருக்கட்டுமே என்றேன்.

உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது அந்தத் தோட்டத்துக்குள் இருக்கும் நெல்வயல். ஆமாம், பிரபு வீட்டுத் தோட்டத்துக்கு நடுவில் வரப்பு வைத்த அசல் வயல்! மிட்சுகுனிக்கு அண்ணன் ஒருவர் உண்டு. அண்ணன் இருக்கத் தனக்குப் பட்டம் வந்ததே என்ற உறுத்தலில், அந்த அண்ணன் மகனையே தன் வாரிசாக எடுத்துக்கொண்டார். அந்தப் பையனுக்கு வந்த மனைவிக்கு, சோறு எப்படித் தட்டுக்கு வருகிறது, விவசாயி என்ன பாடு படுகிறான் என்பது தெரிய வேண்டும் என்று வீட்டுத் தோட்டத்திலேயே வயல் வைத்தாராம். மாப்பிள்ளை பலகையைப் படித்துச் சொன்னதும் அம்மா கேட்டாள், "காட்ட மட்டும் செய்தாரா, சேற்றில் இறக்கி நட விட்டாரா?" பலகையில் அது இல்லை. உன் அப்பத்தா மாமியாராக இருந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் அல்லவா, கேட்கத்தான் செய்வாள். அந்த மிட்சுகுனி மாறுவேடத்தில் ஊர் ஊராகப் போய் நியாயம் சொல்வதாகப் பல வருஷம் இங்கே டிவி தொடர் ஓடியிருக்கிறது. நம் ஊர் ராஜா கதைகளின் நகர்வலம்தான், இடம் மட்டும் வேறு.

நாங்கள் போனபோது வயல் வெறுமனே கிடந்தது. மே மாதம் அந்த வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகள் வந்து நாற்று நடுவார்கள், இலையுதிர் காலத்தில் அவர்களே அறுப்பார்கள். யாழினியின் பள்ளி வேறு வட்டாரம் என்பதால் அவளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதில் அவளுக்கு ரொம்ப ஆத்திரம். பெரியகுளம் வந்தால் தாத்தா உன்னை நட விடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். நம்மிடம் இப்போது வயல் ஏது என்று அவள் கேட்கவில்லை.

மத்தியானம் பெஞ்சில் உட்கார்ந்து புளியோதரையை முடித்துவிட்டு, நம்பொகு லைனில் கொமகோமே போனோம். ரிகுகிஎன் தோட்டம் அங்கே. அன்று நாட்டை ஆண்ட ஷோகுன் என்ற ராணுவத் தலைவர்களில் ஐந்தாவதான சுனயோஷிக்கு நெருக்கமான யானகிசாவா யோஷியாசு என்பவர், சமதரையில் குளம் வெட்டி, மண்ணைக் குவித்துக் குன்றாக்கி, ஏழு வருஷம் வேலை பார்த்து 1702-இல் முடித்த தோட்டம். பழைய கவிதைகளில் வரும் இடங்களை 88 காட்சிகளாக அமைத்தாராம். பிறகு மிட்சுபிஷியைத் தொடங்கிய இவசாகி குடும்பத்தின் கைக்கு வந்து, 1938-இல் டோக்கியோ நகரத்துக்குத் தானமானது.

உள்ளே போனதும் அந்தத் தொங்கு செர்ரி. உயரம் 15 மீட்டர், அகலம் 20 மீட்டர் என்கிறார்கள். கிளைகள் உச்சியிலிருந்து தரையைத் தொடுகிற மாதிரி இறங்குகின்றன. வெளிர் ரோஜா நிறம், இலை ஒன்றுகூட இன்னும் வரவில்லை. அடியில் நின்று மேலே பார்த்தால் அருவிக்குள் தலையைக் கொடுத்தது போல இருந்தது. தோட்டத்துக்கு முந்நூறு வயது, ஆனால் அத்தனை கூட்டத்தையும் இழுக்கிற மரத்துக்கு ஏறக்குறைய எழுபதுதான். என் வயது.

அந்த வட்டாரத்தைப் பற்றி எனக்கு ஏற்கெனவே ஓர் ஆர்வம் உண்டு. பக்கத்தில் சோமேய் என்று ஒரு ஊர் இருந்தது, டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த காலத்தில் அங்கே முழுக்கத் தோட்டக்காரர்களும் நாற்றுப் பண்ணைகளும்தான். ஜப்பான் முழுக்க இன்று பூத்து நிற்கிற சோமேய்யோஷினோ செர்ரி அங்கிருந்து பரவியதுதான். இரண்டு வகை செர்ரி கலந்து பிறந்த மரம் அது. விதை போட்டால் அதே மரம் வராது, ஒட்டுக் கட்டித்தான் ஆக வேண்டும். ஆக, நாட்டில் இருக்கும் அத்தனை சோமேய்யோஷினோவும் ஒரே மரத்தின் ஒட்டு. ஒரு தெரு முழுக்க ஒரே நாளில் பூப்பதும், ஒரே வாரத்தில் கொட்டுவதும் அதனால்தான். "இவ்வளவு பூக்கிறதே, பழம் ஏன் பறிக்கவில்லை?" என்று அம்மா கேட்டதற்கும் பதில் இதில் இருக்கிறது. தன் இனத்தின் மகரந்தத்தை அது ஏற்காது. அவ்வளவும் ஒரே மரம் என்பதால் ஒன்றுக்கொன்று கைகொடுக்காது. வேறு செர்ரி பக்கத்தில் இருந்து காய்த்தாலும் சுண்டைக்காய் அளவு, வாயில் வைக்க முடியாது. "காய்க்காத மரத்துக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்!" என்றாள்.

குளக்கரைக்கு வந்த பிறகு நான் பூவைப் பார்க்கவில்லை, பைன் மரங்களைத்தான் பார்த்தேன். வயதான மரங்கள், தண்ணீர் பக்கம் சாய்ந்து கிடக்கின்றன. சாய்ந்த கிளை ஒவ்வொன்றுக்கும் அடியில் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நம் ஊரில் குலை தள்ளிய வாழைக்குக் கொடுக்கிறோமே, அதே வேலை. நான் குனிந்து, கிட்டப் போய்ப் பார்த்தேன். செங்குத்தாக ஒரு மரக்கால். அதன் தலையில் குறுக்காக ஒரு கட்டை, கிளை அதன் மேல் படுத்திருக்கிறது. கட்டைக்கும் கிளைக்கும் நடுவில் மெத்தை மாதிரி மரப்பட்டை வைத்து, கருப்பு நார்க்கயிற்றால் கட்டியிருக்கிறார்கள். அது ஒரு வகைப் பனை நார். ஓரிடத்திலும் கம்பி இல்லை. கம்பி கட்டினால் கிளை பருக்கப் பருக்கப் பட்டைக்குள் இறங்கி அறுத்துவிடும். கயிறு நாளாவட்டத்தில் இற்றுப் போகும், அப்போது புதிதாகக் கட்டலாம். முட்டுக் கொடுத்திருப்பதை மறைக்கவும் இல்லை. வருகிறவன் பார்க்கட்டும் என்று வெளியில் தெரியத்தான் நிற்கிறது.

இதற்காகத்தான் இந்தக் கடிதமே. முன்வாசல் மாமரம் வீட்டுப் பக்கம் சாய்ந்துவிட்டது, போர்டிகோ போட வேண்டும் என்றால் அதை எடுத்துவிடச் சொல்கிறார் மேஸ்திரி என்று நீ போனில் சொன்னாய். வெட்டாதே. அது உன் தாத்தா கொட்டை போட்டு வளர்த்த மரம், ஒட்டு மரம் இல்லை. கொட்டையில் வந்த மரம் ஒவ்வொன்றும் தனி. நூறு நர்சரி ஏறி இறங்கினாலும் அந்த நார் இல்லாத, பிசின் வாசனை கொஞ்சம் தூக்கலான பழத்தை உன்னால் திரும்ப வாங்க முடியாது. இது அப்பாவின் பிடிவாதம் என்று நினைக்காதே, தொழில் தெரிந்தவன் சொல்கிறேன்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கிழக்குப் பக்கம் சாய்ந்திருக்கும் பெரிய கிளைக்கு ஒரு கல்தூணால் முட்டுக் கொடு. வேலிக்குப் போடுகிற கருங்கல் தூண் போதும், கீழே குழி எடுத்து நன்றாக ஊன்றச் சொல். உச்சியில் பழைய டயர் துண்டை வைத்து, அதன் மேல் கிளை உட்காரட்டும். தென்னங்கயிறுதான் கட்ட வேண்டும், கட்டுக்கம்பி கூடவே கூடாது. இப்போது பிஞ்சு பிடித்திருக்கும், பாரம் ஏறுவதற்குள் முடித்துவிடு. கவாத்து எதுவாக இருந்தாலும் அறுவடைக்குப் பிறகு நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். போர்டிகோவை நாலடி தெற்கே தள்ளினால் கார் நிற்காதா? அளவு எடுத்துப் படமாக அனுப்பு, மாப்பிள்ளையும் பார்த்துச் சொல்வார். அப்புறம், எதற்கும் கல்லூரிப் பண்ணையில் ஒட்டுக் கட்டுகிற ஆளைக் கூப்பிட்டு நாலு ஒட்டுக் கன்று எடுத்து வை. அது கயலுக்குப் பிடித்த வேலை.

மறுபடி தோட்டத்துக்கு வருகிறேன். பாதையில் ஓரிடத்தில் கைக்கு அடங்கும் உருண்டைக் கல் ஒன்று, கருப்புக் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, நடைகல் மேல் வைத்திருந்தது. நான் அதைத் தாண்டிக் காலை வைக்கப் போனேன். யாழினி சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டாள். "அந்தப் பக்கம் போகக் கூடாது தாத்தா, கல் இருக்கு பாரு." பலகை இல்லை, சங்கிலி இல்லை. ஒரு குழந்தை தாண்டி ஓடலாம், யாரும் ஓடவில்லை. நம் ஊர் பூங்காவுக்கு முள்கம்பி கேட்டு நான் எழுதிய கோப்புகளை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

குளக்கரைத் தேநீர்க் கடையில் மாச்சா என்ற பச்சைத் தேயிலைப் பொடித் தேநீர் குடித்தோம். முதலில் இனிப்பைச் சாப்பிட்டுவிட்டு அப்புறம் தேநீரைக் குடிக்க வேண்டுமாம். அம்மா முறை தெரியாமல் முதலில் தேநீரைக் குடித்து முகத்தைச் சுளித்தாள், பிறகு என் இனிப்பையும் சேர்த்துச் சாப்பிட்டாள். அவளுக்கு முழங்கால் பரவாயில்லை. குன்று மேல் மட்டும் ஏறவில்லை, நானும் யாழினியும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். மேலிருந்து குளம் முழுசாகத் தெரிகிறது.

அடுத்த வருஷம் மார்ச் கடைசியில் உனக்கும் கயலுக்கும் லீவு கிடைக்குமா என்று அக்கா கேட்கச் சொன்னாள். ஜனவரியிலேயே டிக்கெட் எடுத்தால் விலை கொஞ்சம் குறையுமாம். மேஸ்திரிக்கு இப்போதைக்கு அட்வான்ஸ் கொடுக்காதே. கயலுக்கு என் ஆசீர்வாதம்.

அன்புடன்,
அப்பா

பி.கு: மோட்டார் ரூம் சாவி பூஜை அலமாரியில் இரண்டாவது தட்டில் இருக்கிறது. அம்மா சொல்லச் சொன்னாள்.