ரிச்சி தெருவில் அடாப்டரைத் திருத்தித் தந்தவருக்கு

ஐயா, உங்கள் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன். போன சனிக்கிழமை சென்னை ரிச்சி தெருவில் 9 வோல்ட் அடாப்டர் வாங்கிக்கொண்டிருந்த, நீலப் பை மாட்டிய ஆள் நான்தான்.

லண்டனிலிருந்து மாமா கொண்டுவந்த, டிவியில் மாட்டி ஓட்டும் பழைய வீட்டுக் கம்ப்யூட்டரான 48கே இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரத்துக்குத்தான் அந்த அடாப்டர். பரணில் கிடந்ததில் அடாப்டர் மட்டும் காணாமல் போயிருந்தது. 9 வோல்ட் என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்தேன். பக்கத்தில் நின்ற நீங்கள், "எந்த மிஷினுக்கு தம்பி?" என்று கேட்டீர்கள். சொன்னதும் அடாப்டரைக் கையிலிருந்து வாங்கிவிட்டீர்கள்.

இப்போது கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் பின்னின் நடுவில் பிளஸ். ஸ்பெக்ட்ரத்துக்கு நடுவில் மைனஸ் வேண்டும். மாற்றிச் செருகினால் உள்ளே பவர் பகுதி போகும். அங்கிருந்து வரவேண்டிய மைனஸ் 5 வோல்ட் நின்றால் 4116 மெமரி சிப்புகளும் கூடவே போகலாம் என்றீர்கள். அவற்றை இன்று தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

அதோடு விடவில்லை. கடைக்காரரிடம் சால்டரிங் அயர்ன் வாங்கி, வயரை வெட்டி, இரண்டு இழைகளையும் மாற்றிப் பற்றவைத்து, மல்டிமீட்டரில் பார்த்து, வெள்ளை டேப்பில் 'நடு மைனஸ்' என்று எழுதியும் ஒட்டினீர்கள். காசை நீட்டினால் முறைத்தீர்கள்!

சரி, விஷயம் இதுதான்: அன்றிரவே பழைய டிவியில், மிஷின் ஓடத் தொடங்கியதும் காட்டும் '1982 சிங்க்ளேர் ரிசர்ச்' என்ற வரி வந்தது. மாமாவுக்குப் பேச்சே வரவில்லை. கீபோர்டில் நாலு பொத்தான் இன்னும் வேலை செய்யவில்லை. அந்தப் பக்கம் வந்தால் கண்ணில் படுவீர்களா, ஐயா?