காசா பணமா என்று எழுதியவருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இணைப்பிதழில் பைசா செலவில்லாமல் டிசைனர் ஆவது எப்படி என்று பத்து இலவச மென்பொருள்களைப் பட்டியல் போட்டிருந்தீர்கள். அதில் ஒரு வரி: "கூகுளில் பெயரைத் தட்டுங்கள், முதலில் வருவதை டவுன்லோட் செய்யுங்கள். காசா பணமா!" இரண்டு நாளாக இந்த வரி தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

கும்பகோணத்தில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், விசிட்டிங் கார்டு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர். படத்துக்கு ஜிம்ப், எழுத்து வேலைக்கு இன்க்ஸ்கேப், ஆப்செட்டுக்குப் போகிறதென்றால் கலர் பிரித்துக் கொடுக்க ஸ்கிரைபஸ். மூன்றும் காசு கொடுக்காமல் வந்தவைதான், மூன்றும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. ஆகவே இலவசம் என்றாலே முகம் சுளிக்கிற ஆள் என்று என்னை நினைத்துவிடாதீர்கள்.

முதலில் வருவதை டவுன்லோட் செய்யலாமாம். 2022 அக்டோபர் கடைசியில் கூகுளில் ஜிம்ப் என்று தேடியவர்களுக்கு முதலில் வந்தது ஒரு விளம்பரம். முகவரி சாட்சாத் ஜிம்ப் தளத்தின் முகவரியாகவே தெரிந்தது. சொடுக்கியவர்கள் போய் நின்றது அச்சு அசலாக அதே மாதிரி கட்டிவைத்த போலித் தளத்தில். அங்கே இறங்கியது ஜிம்ப் அல்ல, பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போகும் விடார் என்கிற களவாணி மென்பொருள். சில மாதத்தில் பிளெண்டர் என்கிற அனிமேஷன் மென்பொருளின் பெயரிலும் இதே வேலை நடந்தது. உலகம் பூராவும் நாறிய சங்கதி. பத்திரிகை ஆபீசில் இருக்கும் உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் அந்த வரி அச்சாகியிருக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

பட்டியலும் ஒரு தினுசாக இருந்தது. ஜிம்ப்பை அமெரிக்காவில் பெர்க்லியில் படித்த இரண்டு மாணவர்கள் 1995-இல் ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் நன்கொடையிலும் தன்னார்வலர் உழைப்பிலும்தான் ஓடுகிறது, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். அதற்கு அடுத்த வரியிலேயே, முகத்தைப் பளபளப்பாக்கும் ஒரு போன் ஆப். அதைத் திறந்ததும் போட்டோ, மைக், காண்டாக்ட் லிஸ்ட் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கிறது. மூஞ்சிக்குப் பவுடர் அடிக்க என் மச்சான் நம்பர் எதற்கு? 2019-இல் கிழமுகம் காட்டுகிறேன் என்று வந்த ஃபேஸ்ஆப்பை ஊரே போட்டு விளையாடியது. நீங்கள் கொடுக்கும் படத்தை என்றென்றைக்கும் பயன்படுத்திக்கொள்ள உரிமை உண்டு என்று அப்போது அதன் நிபந்தனையிலேயே எழுதியிருந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், காகிதத்தைப் போனிலேயே ஸ்கேன் செய்யும் கேம்ஸ்கேனர் ஆப்பின் இலவசப் பதிப்பில் விளம்பரத்தோடு விஷமும் சேர்ந்து வருவதை வைரஸ் தடுப்பு மென்பொருள் விற்கும் காஸ்பர்ஸ்கிகாரர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அதற்கு முந்தைய வருஷம் உங்கள் இதழில்தான் அதை "மாணவர்களுக்கு வரப்பிரசாதம்" என்று படித்தேன். அந்த வரப்பிரசாதத்துக்கு மறுப்பு வந்ததாக ஞாபகம் இல்லை.

அந்த பவுடர் ஆப்பின் லட்சணத்தை நேரில் பார்த்தவன் நான். அஞ்சலி போஸ்டர் வேலை பெரும்பாலும் ராத்திரி ஷட்டர் இறக்கும் நேரத்தில்தான் வரும். ஒரு கல்யாண குரூப் போட்டோவை வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டு, "மூணாவதா நிக்கிறாங்களே, அவங்கதாண்ணே அம்மா, மூஞ்சிய மட்டும் எடுத்துக்கங்க" என்பார்கள். போன மாதம் ஒருவர் எனக்கு வேலை வைக்காமல் தானே ஆப்பில் போட்டுத் தெளிவாக்கிக் கொண்டுவந்தார். பளிச்சென்றுதான் இருந்தது. எண்பது வயது ஆச்சிக்கு முத்துப்போல வரிசைப் பல். மூக்கில் இருந்த பேசரி மச்சம் மாதிரி சுருங்கிப் போயிருந்தது. தோடு ஒரு காதில் வட்டம், மறு காதில் சதுரம். கூட வந்த அவருடைய அக்கா படத்தைப் பார்த்துவிட்டு, "இது யாருடா?" என்றார். அப்புறம் மங்கலான பழைய படத்தையே வாங்கி, பின்னால் நின்றவர்களை வெட்டியெடுத்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிப் போஸ்டர் அடித்துக் கொடுத்தேன். அந்த அக்கா அதைப் பார்த்துத்தான் அழுதார்.

ஜிம்ப், பிளெண்டர் வகையறாக்களைக் "கத்துக்குட்டிகளுக்கு ஏற்றவை" என்றும் உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். பிளெண்டரை வைத்திருந்த கம்பெனி மூடப்பட்டபோது, 2002-இல் ஏழே வாரத்தில் பொதுமக்கள் ஒரு லட்சம் யூரோ போட்டு அதை மீட்டுப் பொதுவுக்கு விட்டார்கள். 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய லாட்வியப் படம் அந்த பிளெண்டரில் செய்ததுதான். நல்ல கத்துக்குட்டி!

என் எதிர்க்கடை ஸ்டுடியோக்காரரும் இந்தக் கட்சிதான். "ஓசிச் சாமான்ல எப்படி மாப்ள தொழில் பண்றே?" என்று என்னைக் கேலி பேசுவார். அவர் வைத்திருந்ததோ மாதச் சந்தா கட்டவேண்டிய மென்பொருளின் பூட்டுடைத்த பதிப்பு, டெலிகிராமில் எவனோ கொடுத்தது. ஒருநாள் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் கல்யாண ஆல்பம் ஒன்றும் திறக்கவில்லை. எல்லா ஃபைல் பெயருக்கும் பின்னால் புதிதாக ஒரு வால். பூட்டைத் திறக்க டாலரில் பணம் கேட்டுத் திரையில் ஒரு சீட்டு. பேக்கப் என்று வெளியே செருகி வைத்திருந்த ஹார்ட்டிஸ்க்கும் சேர்ந்தே போனது. மனுஷர் ஒரு வாரம் தூங்கவில்லை. பெண் வீட்டார் கடைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். காசா பணமா என்கிற வசனத்தை அவரிடம் சொல்லிப் பாருங்களேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நலவாழ்வுப் பக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. அதே இதழில், படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பே போனை ஓரங்கட்டச் சொல்கிறது அந்தப் பக்கம். தாளைத் திருப்பினால், "இரவு ஓய்வு நேரத்தில் பத்தையும் முயன்று பாருங்கள்" என்கிறது இந்தப் பக்கம். இருவரும் ஒரே அலுவலகத்தில்தான் வேலை செய்கிறார்களா? இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை இருபது அடி தள்ளியிருக்கும் பொருளை இருபது விநாடி பார்க்க வேண்டுமாம். என் கடை நீளமே பத்தடி. தெருவைத் தாண்டி நிற்கும் டிரான்ஸ்பார்மரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் தொழிலில் கழுத்தும் மணிக்கட்டும் போகாதவர் குறைவு. பிசியோதெரபி டாக்டர் சொன்னபடி மானிட்டருக்கு அடியில் இரண்டு ஏ4 பண்டிலை வைத்த பிறகுதான் என் கழுத்து நிமிர்ந்தது. இப்படி ஒரு வரி உங்கள் பக்கத்தில் வந்து நான் பார்த்ததில்லை.

இன்னொன்றும் கிடக்கிறது. எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி படிக்கக்கூடிய யூனிகோட் எழுத்து முறையைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே தரமாக ஏற்று ஆணை போட்டுவிட்டது. உங்கள் விளம்பரப் பிரிவு மட்டும் பழைய எழுத்துருவில்தான் மேட்டர் வேண்டும் என்கிறது. நான் கொடுத்ததை அங்கே மாற்றிப் போட்டதில், கும்பாபிஷேக விளம்பரத்தில் ஸ்ரீ இருந்த இடமெல்லாம் வெறும் கட்டம். கோயில் தர்மகர்த்தாவிடம் திட்டு வாங்கியது உங்கள் பிரிவு அல்ல. இந்த லட்சணத்தில் எங்களுக்குத் தொழில்நுட்பப் பாடம்!

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். ஜிம்ப், இன்க்ஸ்கேப், பிளெண்டர், ஓவியம் வரையும் கிரிட்டா நான்குக்கும் பெயருக்குப் பின்னால் டாட் ஓஆர்ஜி, ஸ்கிரைபஸுக்கு டாட் நெட், இதை நேராகத் தட்டி உள்ளே போகச் சொல்லுங்கள். தேடும்போது 'ஸ்பான்சர்டு' என்று போட்டிருந்தால் அது விளம்பரம், தொட வேண்டாம் என்று ஒரு வரி. இணைய மோசடியில் பணம் பறிபோனால் உடனே கூப்பிட வேண்டிய எண் 1930 என்று இன்னொரு வரி. அந்த பவுடர் ஆப்பைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

முன்பு ஒருமுறை ஒரு முழுப் பக்கம் குறை எழுதி அனுப்பியிருந்தேன். மரியாதைக்கு முதல் வரியில் எழுதியிருந்த "அட்டைப்படம் அருமை" என்பதை மட்டும் வெட்டியெடுத்து, என் பெயரோடு வெளியிட்டீர்கள். அதனால் இந்தக் கடிதத்தில் பாராட்டு எதுவும் வைக்கவில்லை.

இப்படிக்கு,
டி.டி.பி. கடைக்காரர்,
கும்பகோணம்.