நியூட்ரானுக்குள் ஒன்றுமில்லையா?

ஆசிரியருக்கு,

மாணவர் பக்கத்தில் 'நியூட்ரானில் மின்சுமையே கிடையாது' என்று படித்தேன். கணக்குப்படி சரிதான். ஆனால் அணுக்கருவில் இருக்கும் இந்தத் துகளுக்குள் குவார்க் எனும் இன்னும் சிறிய துகள்கள் மூன்று இருக்கின்றன: 'மேல்' (up) வகைக் குவார்க் ஒன்று, மின்சுமை +2/3, 'கீழ்' (down) வகைக் குவார்க் இரண்டு, தலா -1/3. கூட்டினால் பூஜ்யம். புரோட்டானில் மேல் இரண்டு, கீழ் ஒன்று, ஆக +1.

எலக்ட்ரானுக்கு மைனஸ் என்பதும் இயற்கை போட்ட முத்திரை அல்ல. தேய்த்த கண்ணாடிக் குழாயில் சேரும் மின்சுமையை பிளஸ் என்று 1747-இல் பெஞ்சமின் பிராங்க்ளின் எழுதிவைத்தார். இயற்பியலாளர் ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்தது 1897-இல்தான். அதற்குள் குறி ஊறிப்போய்விட்டது; எலக்ட்ரானின் மின்சுமை அந்தக் கண்ணாடியினுடையதற்கு எதிர்வகை என்பதால் அதற்கு மைனஸ் விழுந்தது. அதனால்தான் வயரில் எலக்ட்ரான் ஒரு பக்கம் ஓட, பாடநூலில் மின்னோட்ட அம்பு எதிர்ப்பக்கம் பார்க்கிறது. முப்பது வருடம் கரும்பலகையில் அந்த அம்பைப் போட்டவன் நான். 'ஏன் சார் தலைகீழா?' என்று கேட்காத வகுப்பே இல்லை.

- ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், கும்பகோணம்