லுகாகு ஆடவில்லை என்பது சரியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடிக்கணக்கில் கொட்டி வாங்கியும் சோபிக்காத கால்பந்து ஸ்டிரைக்கர்களை, அதாவது கோல் அடிப்பதற்கென்றே முன்வரிசையில் நிற்பவர்களைப் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பட்டியலில் முதல் பெயர் ரொமேலு லுகாகு. 2021 ஆகஸ்டில் லண்டனின் செல்சி அணி அவருக்காக இத்தாலியின் இன்டர் மிலானுக்குக் கொடுத்தது 9 கோடியே 75 லட்சம் பவுண்ட் என்று எழுதிவிட்டு, அவர் மனம் வைத்து ஆடவில்லை என்று ஒரே வரியில் தீர்ப்பும் சொல்லிவிட்டீர்கள். அந்த சீசனைத் தொடர்ந்து பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இதில் உடன்பாடில்லை.

லுகாகு இன்டரில் எப்படி கோல் அடித்தார் என்பதை முதலில் பார்க்க வேண்டும். அங்கே கோச்சாக இருந்த கோன்டேயின் அணி 3-5-2 முறையில் (பின்னால் 3, நடுவில் 5, முன்னால் 2 பேர்) ஆடியது. பின்வரிசையில் பந்தை நிதானமாகச் சுற்றவிட்டு எதிரணியை மேலே ஏறி வரச் செய்வார்கள். அவர்கள் ஏறியதும் பந்து சட்டென்று லுகாகுவின் காலுக்குப் போகும். டிஃபென்டரை முதுகில் தாங்கியபடி வாங்கி, அப்படியே சுழன்று திரும்பினால் எதிரே பாதி மைதானம் காலியாகக் கிடக்கும். அந்த உடம்போடு அந்த வேகத்தில் ஓடுபவரை யார் நிறுத்துவது? பக்கத்தில் பாஸ் வாங்க லௌதாரோ மார்டினெஸ் இருப்பார், வலது ஓரத்தில் ஹகிமி பறந்து வருவார். இரண்டு சீசனில் 95 ஆட்டங்களில் 64 கோல். 2020-21இல் லீகில் மட்டும் 24 அடித்தார். 11 வருடம் கழித்து இன்டர் இத்தாலிய சாம்பியன் ஆனது.

செல்சியில் அவருக்கு இது எதுவும் கிடைக்கவில்லை. அங்கே கோச்சாக இருந்த டூகலின் அணி பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, எதிரணியை அதன் கோலுக்கு முன்னுள்ள பாக்ஸுக்குப் பக்கத்தில் முடக்கிப்போட்டு ஆடும் அணி. ஐரோப்பிய சாம்பியனான செல்சி வருகிறது என்றதும் சின்ன அணிகள் 10 பேரையும் பின்னால் நிறுத்திவிடும். டிஃபென்டருக்குப் பின்னால் ஓட இடம் ஏது? கூட ஓர் இணை ஸ்டிரைக்கரும் இல்லை. பின்னால் இருந்த மவுன்ட், ஹாவர்ட்ஸ், ஸியேக் எல்லாம் பந்தைக் காலில் வாங்கிச் சின்னச் சின்ன பாஸாகப் போட்டு நகர்பவர்கள். லுகாகு நடுவில் நின்று, கோலுக்கு முதுகு காட்டி, பந்தை வாங்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். முழு ஆட்டமும் அதையே செய்யச் சொன்னால் அவருடைய வேகத்துக்கு அங்கே என்ன வேலை?

தொடக்கத்தில் இது தெரியவில்லை என்பதும் உண்மை. ஆர்சனல் மைதானத்தில் முதல் ஆட்டத்திலேயே, ரீஸ் ஜேம்ஸ் வலது பக்கத்திலிருந்து தாழ்வாக அனுப்பிய பந்தை கோலாக்கினார். எல்லோரும் கொண்டாடினோம். அப்புறம் அக்டோபரில் மால்மோவுடனான ஆட்டத்தில் லுகாகுவுக்குக் கணுக்காலில் அடி. நவம்பரில் இடது ஓரத்தில் ஆடிய சில்வெலுக்கு முழங்கால் போனது, டிசம்பர் கடைசியில் ஜேம்ஸுக்குத் தொடைத் தசை. இரண்டு ஓரங்களிலிருந்தும் பந்து அனுப்பியவர்கள் போய்விட்டால் நடுவில் நிற்பவருக்குப் பந்து எங்கிருந்து வரும்?

2022 பிப்ரவரியில் கிரிஸ்டல் பேலஸுடன் நடந்த ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். 90 நிமிடம் முழுக்க மைதானத்தில் இருந்த லுகாகு பந்தைத் தொட்டது 7 முறை. அதில் ஒன்று ஆட்டத்தைத் தொடங்கி வைத்த தொடல். 2003-04 முதல் எடுத்துவரும் பிரீமியர் லீக் கணக்கில் முழு ஆட்டம் ஆடிய எவரும் அவ்வளவு குறைவாகத் தொட்டதில்லை. மறுநாள் எல்லோரும் இந்த எண்ணை வைத்து அவரைக் கேலி செய்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. 7 என்ற எண்ணில் அவர் பங்கு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மற்ற 10 பேரும் ஒன்றரை மணி நேரம் அவரைத் தேடவே இல்லை என்பதும் அதே எண்ணில்தான் இருக்கிறது.

டிசம்பர் கடைசியில் வெளிவந்த அந்த இத்தாலியப் பேட்டி பெரிய தவறு. செல்சியில் சந்தோஷமாக இல்லை என்று சீசன் நடுவில் தொலைக்காட்சியில் சொன்னால் எந்தக் கோச் பொறுப்பார்? லிவர்பூல் ஆட்டத்துக்கு டூகல் அவரைச் சேர்க்காதது சரிதான். லுகாகு மன்னிப்பும் கேட்டார். ஆனால் அந்தப் பேட்டிக்கு முன்பே ஆட்டம் பொருந்தாமல் போய்விட்டது. கடைசியில் லீகில் 26 ஆட்டங்களில் 8 கோல், ஒரே வருடத்தில் மறுபடி இன்டருக்கே லோனில், அதாவது தற்காலிகமாக, போனார்.

என் கேள்வி வாங்கியவர்களை நோக்கித்தான். முதலில் இன்னொரு ஸ்டிரைக்கரான ஹாலண்டைத் தேடினார்கள், கிடைக்கவில்லை என்றதும் லுகாகுவிடம் வந்தார்கள் என்று அப்போதே பத்திரிகைகள் எழுதின. டூகலின் ஆட்ட முறை எல்லோருக்கும் தெரியும். இரண்டு மாதம் முன்புதான் ஹாவர்ட்ஸின் கோலில் ஐரோப்பாவின் மிகப் பெரிய கிளப் கோப்பையான சாம்பியன்ஸ் லீகையே வென்றிருந்தார்கள். அந்த முன்வரிசைக்கு இப்படிப்பட்ட ஆள் பொருந்துவாரா என்று உட்கார்ந்து யோசித்திருந்தால், ஒன்று ஆட்ட முறையை மாற்றியிருப்பார்கள், இல்லை வேறு ஆளைத் தேடியிருப்பார்கள். 24 கோல் அடித்தவர் இங்கேயும் 24 அடிப்பார் என்று நம்பிப் பணத்தைக் கட்டினார்கள். 2009இல் பார்சிலோனா தன் ஸ்டிரைக்கர் எட்டோவையும் இன்டருக்குக் கொடுத்து, மேலே பணமும் கட்டி இப்ராஹிமோவிச்சை வாங்கியதும் ஏறக்குறைய இதே கதைதான். மெஸ்ஸி நடுவுக்கு வர வேண்டிய நேரத்தில் அந்த இடத்தில் இன்னொருவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

லுகாகுவின் கதை செல்சியோடு முடிந்துவிடவும் இல்லை. 2024இல் கோன்டே அவரை இத்தாலியின் நாப்போலிக்கு அழைத்துக்கொண்டார். 31 வயதில், பழைய வேகம் குறைந்த நிலையில், லீகில் 14 கோல். 2025 மே மாதம் கால்யாரியுடன் நடந்த கடைசி ஆட்டத்தில் நீளமாக வந்த பந்தை எடுத்து, டிஃபென்டர்களைத் தள்ளிக்கொண்டு ஓடி அவர் அடித்த கோலோடு நாப்போலி சாம்பியன் ஆனது. உங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுத்த இதழில் அதையும் சேர்த்து வெளியிடுங்கள். இனி இப்படிப் பட்டியல் போடும்போது, பழைய அணியில் அந்த ஸ்டிரைக்கருக்குப் பந்து எப்படி வந்தது, புதிய அணியில் எப்படி வந்தது என்று ஒரு பத்தியாவது எழுதும்படி உங்கள் விளையாட்டுச் செய்தியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
வியாசர்பாடி, சென்னை